நான் தவறவிட்டதாகச் சொன்ன மான்

நாற்பத்து மூன்று வயதில் நான் வில்லைக் கையில் எடுத்ததற்குக் காரணம் காட்டின் மேல் இருந்த ஆசை இல்லை. மரமில்லின் சாப்பாட்டு அறைதான் காரணம். நவம்பரில் மான் வேட்டை வாரம் வந்தால் மேற்கு வர்ஜீனியாவின் எங்கள் மலைப்பகுதியில் பள்ளிக்கூடங்களையே மூடிவிடுவார்கள். மில்லில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். நான் மட்டும் தவறாமல் வருவேன். என் அப்பா வெளிமாநிலங்களுக்கு லாரி ஓட்டியவர், வீட்டில் இருந்ததே குறைவு. எங்கள் வீட்டில் யாரும் வேட்டைக்குப் போனதில்லை.

“என்ன ராய்ஸ், நாங்க இல்லாதப்ப மில்லை யாரும் தூக்கிட்டுப் போயிடலையே?” என்று, திரும்பி வந்ததும் கூட வேலை செய்யும் டெல்மர் கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பதினாறு வருடம் அப்படிச் சிரித்தேன்.

ஒரு வசந்த காலத்தில் நோலாவிடம் போய்க் கேட்டேன். நோலா ஆர்பகாஸ்ட் எங்கள் மில்லில் ரம்பம் தீட்டுபவள், என்னைவிட ஆறேழு வயது சின்னவள். விவாகரத்து ஆன வருடம் ஒரு பழைய வில்லை வாங்கி, யாரும் சொல்லித்தராமல் தானே கற்றுக்கொண்டவள். அவளுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. வேட்டை முழுக்க அரசாங்கக் காட்டில்தான். அங்கே யார் வேண்டுமானாலும் போகலாம், அதனால் யார் யாரோ வருவார்கள் என்று அவளுக்கு எப்போதும் ஒரு குறை உண்டு, முக்கியமாகப் பக்கத்து மாநிலத்து ஒஹையோக்காரர்கள் மேல்.

“துப்பாக்கி கத்துக்கயேன், சுலபம்” என்றாள்.

“துப்பாக்கின்னா நவம்பர்ல டெல்மர் கூடத்தான் போகணும்.”

அதற்கு அவள் சிரித்துவிட்டு, “சரி, சனிக்கிழமை வா” என்றாள்.

அந்தக் கோடை முழுவதும் அவள் வீட்டுப் பின்புறம் வைக்கோல் கட்டுக்கு எதிரே நின்றேன். முதல் மாதம் நாணை முழுதாக இழுத்துப் பிடிக்கவே தோள் நடுங்கியது. செப்டம்பரில் இருபது கெஜத்தில் ஐந்து அம்பையும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் போட்டேன். காற்றைப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தாள். காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறினால் அதே காற்று மேலே திரும்பும், அப்போது நம் வாசனை மேட்டில் நிற்கும் மானுக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்குப் பிடித்தது. அவள் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு இரண்டு விஷயங்கள்.

“இருபது கெஜத்துக்கு மேல விடாத. மான் பக்கவாட்டுல நிக்கணும், அசையாம நிக்கணும். இல்லேன்னா வில்லை இறக்கிடு.”

“சரி.”

“வயித்துல பட்டுடுச்சுன்னா அம்புல பச்சையா இருக்கும், நாறும். அப்ப சத்தம் போடாம இறங்கி வீட்டுக்குப் போயிடு. எட்டு மணி நேரம் கழிச்சு வா. அது பக்கத்துலயே எங்கயாவது படுத்து, அங்கயே உயிரை விடும். நீ அவசரப்பட்டுப் பின்னாடி போனா எந்திரிச்சு ஓடும், எங்க போய் விழும்னு யாருக்கும் தெரியாது. என்ன ஆனாலும் எனக்கு போன் பண்ணு. ரெண்டு பேரா தேடலாம். புரியுதா?”

“புரியுது நோலா, பத்துத் தடவை சொல்லிட்ட.”

வில் வேட்டைப் பருவம் துப்பாக்கி வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை அவளுக்கு மில்லில் வேலை இருந்ததால் நான் தனியாகப் போனேன். அதற்கு முன் ஆறு தடவை போய் வெறுங்கையோடு வந்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு அறையில் டெல்மர், “மானுங்க எல்லாம் ராய்ஸ் உக்கார்ற மரத்தடியிலதான் பத்திரமா தூங்குதாம்” என்றிருந்தான். நான், “திங்கக்கிழமை பாரு” என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

விடியும்போது மலைமுகட்டுக்குச் சற்றுக் கீழே, ஓக் கொட்டைகள் உதிர்ந்து கிடந்த ஒரு திட்டுக்கு மேலே, மரத்தில் பதினைந்து அடி உயரத்தில் வாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி வாக்கில் ஒரு பெட்டை மான் தனியாக வந்தது. கொட்டையைப் பொறுக்கித் தின்றபடி குறுக்கே போனது. அது என்னை நெருங்கவில்லை. முப்பது கெஜம் இருக்கும், முப்பத்தைந்தாகவும் இருக்கலாம். வில்லை இழுத்துக்கொண்டு காத்திருந்தேன். அது விலகிப் போக ஆரம்பித்தது. வில்லை இறக்கிவிடு என்ற நோலாவின் சொல் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. மறந்துபோய்ச் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அடுத்த திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டு அம்பை விட்டேன்.

அம்பு போய்ச் சேர்வதற்குள் அது ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டது. ஈரமான சாக்கை அடித்தது போல ஒரு சத்தம். மான் துள்ளி ஓடவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு, நோயாளி போல மெதுவாக நடந்து சரிவில் மறைந்தது.

இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் போய்ப் பார்த்தபோது அம்பு ஊடுருவி வெளியே வந்து இலைச்சருகில் கிடந்தது. பச்சையும் பழுப்புமாக ஏதோ அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை, நின்ற இடத்திலேயே நாறியது.

அப்போதே திரும்பியிருக்கலாம். நோலாவை அழைத்திருக்கலாம். மேற்கே வானம் கறுத்திருந்தது, மழை வந்தால் தடம் அழிந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு பின்னால் போனேன். நூறடிகூடப் போயிருக்க மாட்டேன், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மறுபக்கத்திலிருந்து மான் எழுந்தது. ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

மறுபக்கச் சரிவில்தான் மிலன் என்பவரைச் சந்தித்தேன். என் வயது இருக்கும். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். ஒரு மரத்தடியில் வில்லோடு உட்கார்ந்திருந்தவர், நான் சருகை மிதித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து எழுந்தார். அவருடைய காலை வேட்டையை நான் கெடுத்துவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“அடிபட்ட மான் ஒண்ணு இப்படிப் போச்சு. உங்களோடதா?”

“ஆமாம்.”

“எங்க பட்டுது?”

அம்பைக் காட்டினேன். பார்த்துவிட்டு, “எழுப்பிவிட்டுட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன். பையிலிருந்து கழிப்பறைக் காகிதச் சுருள் ஒன்றை எடுத்தார்.

“மழை வரப்போகுது. இனிமே காத்திருந்து பிரயோசனம் இல்லை. ரத்தம் தெரியுற இடத்துல எல்லாம் ஒரு துண்டு வெச்சுட்டே போவோம். திரும்பிப் பார்த்தா அது எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும். நீங்க முன்னாடி பாருங்க, நான் தரையைப் பாக்கறேன்.”

நான்கு மணி நேரம் தேடினோம். அவர் கெட்ட முழங்காலைச் சருகில் ஊன்றி ஊர்ந்துகொண்டு, மிளகு அளவு கறுத்த துளிகளைக் கண்டுபிடித்தார். லாரல் புதர்களில் ஒவ்வொரு துண்டாகச் செருகினார். நடுவில் ஒரு சான்ட்விச்சைப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். ஒஹையோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாராம். இந்த மலைக்குப் பதினோரு வருடமாக, வருடத்துக்கு ஒரு வாரம் வருகிறாராம். பதினொன்றரைக்கு மழை கொட்டியது. பன்னிரண்டரைக்கு நான்தான், “விட்டுடலாம்” என்றேன்.

அவர் ஒரு சீட்டில் தன் எண்ணை எழுதிக் கொடுத்தார். “கிடைச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது” என்றார்.

அன்று மாலை நோலா போன் செய்தாள். “என்னப்பா, ஏதாவது உண்டா?”

“ஒரு பொட்ட மான் வந்துச்சு. விட்டேன். படலை.”

“சுத்தமா படலையா?”

“சுத்தமா. அம்பு மண்ணுல குத்திட்டு நின்னுச்சு.”

“அப்பாடா. அரைகுறையா படறதுக்கு இது எவ்வளவோ மேல். நாளைக்கு நானும் வரேன்” என்றாள்.

அம்பை ஏற்கெனவே சமையலறைத் தொட்டியில் சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் என் இடத்துக்குத்தான் போனோம். நான் வேறு பக்கம் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை. ஒன்பது மணி வரை ஒன்றும் வரவில்லை. காற்று மேலே திரும்பியதும் நோலா மரத்திலிருந்து இறங்கி, முகட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஓடை ஓரத்தில் தடங்கள் இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பினாள். பாதி வழியில் நின்றாள். மழையில் நைந்து, புதரில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைத் துண்டு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

“யாரோ ரத்தத் தடம் பிடிச்சுப் போயிருக்காங்க” என்றாள்.

கடைசித் துண்டிலிருந்து இருநூறு கெஜம்கூட இருக்காது. ஓடை ஓரத்தில், முன்னங்கால்கள் தண்ணீரிலும் உடல் கரையிலுமாக மான் கிடந்தது. வயிறு ஊதியிருந்தது. நேற்று நாங்கள் இன்னும் அரை மணி நேரம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். நோலா மண்டியிட்டு, காயத்தைப் பார்த்தாள். விலாவுக்கு வெகு பின்னால் இருந்தது. ஒரு காலைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“ஒண்ணுக்கும் ஆகாது. ராத்திரி பூரா கிடந்து செத்திருக்கு.” எழுந்தவளின் முகம் வெளிறியிருந்தது. “வயித்துல அடிச்சுட்டு, துரத்திட்டு, மழை வந்ததும் விட்டுட்டுப் போயிருக்கான். எந்த நாய்ன்னு மட்டும் தெரிஞ்சா…”

அந்த வார்த்தை என் மேல் விழுந்தது, நான் அதை ஏற்றுக்கொள்ளாமல் நின்றேன். அப்போது சொல்லியிருந்தால் அவள் திட்டியிருப்பாள், அவ்வளவுதான்.

வண்டி நிறுத்துமிடத்தில் என் வண்டியைத் தவிர ஒரே ஒரு வேன் நின்றது. ஒஹையோ எண். முன்கண்ணாடிக்குப் பின்னால் பாதி தீர்ந்த காகிதச் சுருள் ஒன்று தெரிந்தது. நோலா அதையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது மிலன் நொண்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். முழங்கால் வரை சேறு. கையில் வில் இல்லை. இன்னொரு காகிதச் சுருள்தான் இருந்தது.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். நோலா முந்திக்கொண்டாள்.

“மேல இருக்குற காகிதம் எல்லாம் உங்களோடதா?”

“ஆமாம் மேடம்.”

“ஓடையில மான் செத்து ஊதிக் கிடக்குது. தெரியுமா?”

“ஓடையிலயா?” அவர் தொப்பியைக் கழற்றினார். “நான் பக்கத்துப் பள்ளத்துலதான் தேடிட்டு இருந்தேன், விடிஞ்சதுல இருந்து…”

“இப்பத் தேடி என்ன பண்ண? நேத்து எங்க போன? மழையில நனைஞ்சா கரைஞ்சா போயிடுவ? வயித்துல விடத் தெரியுது, இருந்து தேடத் தெரியலையா? இதுக்குத்தான் அங்க இருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வரியா நீ?”

மிலன் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமோ கெஞ்சலோ இல்லை. நான் பேசுவதற்கு இடம் விட்டார், அவ்வளவே. நான் என் காலணிகளைப் பார்த்தேன். இடது காலணியின் நாடா அவிழ்ந்திருந்தது. குனிந்து அதைக் கட்டினேன். இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது. நிமிர்ந்தபோது அவர் வேனின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

“நீங்க சொல்றது சரிதான் மேடம். அந்த மானுக்கு அப்படி ஒரு சாவு வந்திருக்கக் கூடாது” என்றார். வேனுக்குப் பக்கத்தில் அடித்திருந்த கூடாரத்தைப் பிரித்து, பையோடு உள்ளே வைத்தார். அவருடைய வாரத்தில் இன்னும் நான்கு நாள் பாக்கி இருந்தது.

வேன் கிளம்புவதற்கு முன் நோலா அதைப் படமெடுத்தாள், எண் பலகை தெரியும்படி. மாலையில் எங்கள் மாவட்டத்து வேட்டைக்காரர்களின் பேஸ்புக் குழுவில் போட்டாள், ஓடையில் எடுத்திருந்த மானின் படத்தோடு.

அன்று இரவு படுக்கையில் கிடந்தபடி கருத்துகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது, எழுபது, நூற்றுப் பத்து. மிலன் எண் எழுதிக் கொடுத்த சீட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ரம்பம் தீட்டும் அறைக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை இயந்திரச் சத்தம். இரண்டாவது தடவை சத்தம் இல்லை. “என்ன?” என்றாள். “ஒண்ணுமில்லை, கையுறை இருக்கா?” என்று கேட்டு, தேவையில்லாத ஒரு ஜோடிக் கையுறையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மதியம் டெல்மர் போனை வைத்துக்கொண்டு கருத்துகளைச் சத்தமாகப் படித்தான். “‘இவன் டயரை எல்லாம் கிழிக்கணும்.’ இது நல்லா இருக்கு. இதைக் கேளுங்க, ஒருத்தன் ஆளையே கண்டுபிடிச்சுட்டான். பேரு மிலன் ஹ்ரிபார், ஸ்கூல் பஸ் ஓட்டுறானாம். ‘பிள்ளைங்களை நம்பி விடுற ஆளா இவன்? பள்ளிக்கூடத்துக்கு போன் போடுங்க, நம்பர் கீழே இருக்கு.’ போடலாமா?”

சிரிப்பு எழுந்தது. நோலா சிரிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை.

“அது என் மான்” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்று மறுபடியும் சொன்னேன். “அந்த மானை அடிச்சது நான். சனிக்கிழமை. முப்பத்தஞ்சு கெஜத்துல. அந்த ஆளு எனக்காகத் தேடினாரு. நாலு மணி நேரம். விட்டுடலாம்னு சொன்னதும் நான்தான்.”

டெல்மர் போனைக் கீழே வைத்தான். யாராவது கேலி செய்தால் தேவலை என்று இருந்தது. ஒருவன் தன் சாப்பாட்டு டப்பாவை மூடினான். நோலா என்னையே பார்த்தாள்.

“அங்க நின்னுட்டு இருந்தியே” என்றாள். “நான் அந்த மனுஷனைப் பேசப் பேச, பக்கத்துல நின்னுட்டு இருந்தியே ராய்ஸ்.”

“ஆமாம்.”

“என்னை அப்படிப் பேச விட்டுட்டே.”

அவள் போனை எடுத்து, பதிவை அழித்தாள். “அவர் நம்பர் இருக்கா?” என்றாள். சீட்டைக் கொடுத்தேன். மரக்கட்டைகள் அடுக்கியிருந்த முற்றத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன், வராதே என்று அவள் சொல்லாததால்.

இரண்டாவது மணியிலேயே மிலன் எடுத்துவிட்டார். நோலா தன் முழுப்பெயரைச் சொன்னாள். “நேத்து உங்களைக் கண்டபடி பேசினவ நான்தான். நான் பேசினது தப்பு. உங்க வேன் படத்தைப் போட்டதும் தப்பு. எடுத்துட்டேன். பள்ளிக்கூடத்துல யாராவது கேட்டா என் நம்பரைக் கொடுங்க, நான் பேசறேன்” என்றாள். நான் பார்த்தவரையில் அந்தப் பெண் யாரிடமும் தலை குனிந்ததில்லை. சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்தது. என் தப்புக்கு அவள் மன்னிப்புக் கேட்பதை மூன்றடி தள்ளி நின்று கேட்டேன். எல்லாவற்றிலும் அதுதான் எனக்கு அதிகம் வலித்தது, வலிக்க வேண்டியதும்தான்.

பிறகு போனை என்னிடம் நீட்டினாள். “பேசு.”

“மிலன், நான் ராய்ஸ்.”

“ம்.”

“நேத்து ஏன் நீங்க சொல்லலை?”

“அது நீங்க சொல்ல வேண்டியது. நான் சொன்னா கோள் மூட்டின மாதிரி ஆகும். நீங்க சொல்லுவீங்கன்னு வேன்ல ஏறுற வரைக்கும் நினைச்சேன்.”

“மன்னிச்சுக்கங்க.”

“காலையில எங்க மேனேஜர் கூப்பிட்டு விசாரிச்சாரு. யாரோ போன் பண்ணிட்டாங்க. இருபது வருஷத்துல முதல் தடவை.” பிறகு, “வேட்டையை விட்டுடாதீங்க. ஆனா அந்தம்மா சொல்றதைக் கேளுங்க” என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை.

அன்று மாலை அதே குழுவில் என் பெயரில், நடந்ததை நடந்தபடி எழுதினேன். நோலா சொல்லித்தான் எழுதினேன், நானாகத் தோன்றி எழுதியது என்று பெருமை பேச முடியாது. மிலனின் மேனேஜருக்கும் ஒரு கடிதம் போட்டேன். அந்த வருடம் எனக்கிருந்த ஒரே பெட்டை மான் அனுமதியை அந்த மானின் பேரில் பதிவு செய்தேன். அத்தோடு அந்த வருட வேட்டை எனக்கு முடிந்தது. நவம்பர் வாரத்தில் வழக்கம்போல மில்லுக்கு வந்தேன். திரும்பி வந்த டெல்மர் ஒன்றும் கேட்கவில்லை. கேலி போனது எனக்கு மரியாதையாகத் தெரியவில்லை.

நோலா எட்டு மாதத்துக்கு மேல் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. ஜூலையில் ஒரு நாள், தீட்டிய ரம்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “சனிக்கிழமை வில்லை எடுத்துட்டு வா. பதினஞ்சு கெஜம். அதுக்கு மேல ஒரு அடி தள்ளி நின்னேன்னு வெய்யி, வில்லைப் பிடுங்கி அடுப்புல வெச்சுடுவேன்.”

இப்போது மறுபடியும் மலைக்குப் போகிறேன். இரண்டு பருவம் ஆகிவிட்டது. மிலனின் வேன் வரவில்லை. வேறு மலைக்குப் போகிறாரோ, முழங்கால் விட்டுவிட்டதோ, தெரியாது. எண் இருந்தும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வண்டி நிறுத்துமிடத்துக்கு வளைவு திரும்பும்போது ஒஹையோ எண் தெரிகிறதா என்று பார்க்கிறேன். அது அங்கே நின்றால் இறங்கிப் போய்ப் பேச வேண்டும் என்றுதான் நினைத்திருக்கிறேன். ஆனால் காலியாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியை நோலாவிடம் இதுவரை சொன்னதில்லை.